ட்ரான்சி ரயில் பெட்டியை எனக்கு விளக்கிய துப்பறியும் நாவல்

நான் பாரிஸின் புறநகரான பொபினியில் குடியேறிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வேலைக்குச் செல்லும் பேருந்து பக்கத்து ஊரான ட்ரான்சியில் லா முயேத் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கடந்துதான் போகும். அதன் முன்னால் நிற்கும் பழைய சரக்கு ரயில் பெட்டியை நான் வெறும் காட்சிப்பொருள் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன்.

பிரெஞ்சு வகுப்பு ஆசிரியை வாசிப்புப் பயிற்சிக்காக ஒரு நாவலைத் தந்தார். திதியே தெனாங்க்ஸ் எழுதி, 1984இல் கலிமார் பதிப்பகத்தின் ‘செரி நுவார்’ என்ற துப்பறியும் நாவல் வரிசையில் வந்த ‘மூர்த்ர் பூர் மெமுவார்’ (நினைவுக்காகக் கொலைகள்) அது. 1961 அக்டோபர் 17 அன்று இரவு, தங்கள் மீது விதிக்கப்பட்ட ஊரடங்கை எதிர்த்துத் திரண்ட அல்ஜீரியர்களைப் பாரிஸ் காவல்துறை அடித்தும் சுட்டும் கொன்று, பலரைச் சேன் ஆற்றில் வீசிய அதே வேளையில், ஊர்வலத்தோடு தொடர்பே இல்லாத ஒரு வரலாற்று ஆசிரியர் தம் வீட்டருகே சுட்டுக் கொல்லப்படுகிறார். இருபது ஆண்டுகள் கழித்து, துலூஸில் பழைய ஆவணங்களைப் புரட்டிய அவருடைய மகனும் கொல்லப்படுகிறான். இன்ஸ்பெக்டர் கதேன் துப்புத் துலக்கிப் போகும் வழி ட்ரான்சியில் முடிகிறது. இரண்டாம் உலகப் போரின்போது பிரான்சிலிருந்து நாஜி வதைமுகாம்களுக்கு நாடுகடத்தப்பட்ட ஏறத்தாழ 76,000 யூதர்களில் சுமார் 63,000 பேர், நான் தினமும் கடக்கும் அந்தக் குடியிருப்பில் இருந்த தடுப்பு முகாமிலிருந்தே ரயிலில் அனுப்பப்பட்டார்கள். அதைப் படித்த இரவு என்னால் தூங்க முடியவில்லை.

தெனாங்க்ஸ் 1949இல் சென் தெனியில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் அச்சகத் தொழிலாளியானவர். அவர் சிறுவனாக இருந்தபோது, 1962 பிப்ரவரியில், அல்ஜீரியப் போர் தொடர்பான ஊர்வலத்தை பாரிஸின் ஷரோன் மெத்ரோ நிலையத்தருகே காவல்துறை தாக்கியதில் இறந்த ஒன்பது பேரில் ஒருவர் அவர் குடும்பத்துக்குத் தெரிந்த பெண். அவர் எழுத்தில் உள்ள கோபம் அங்கிருந்தே வருகிறது என்று நான் நம்புகிறேன்.

நாவலின் குற்றவாளிக்கு வேறு பெயர் இருந்தாலும், 1961இல் பாரிஸ் காவல்துறைத் தலைவராக இருந்த மோரிஸ் பாப்போனின் நிழல் அதில் தெளிவாகத் தெரிகிறது. உலகப் போர்க்காலத்தில் போர்தோ நகரிலிருந்து யூதர்களை அனுப்பிய குற்றத்துக்காக அவருக்கு 1998இல்தான் தண்டனை கிடைத்தது. நாவல் வெளிவந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

படித்து முடித்த ஞாயிற்றுக்கிழமை பாரிஸில் சேன் ஆற்றின் மேலுள்ள சென் மிஷேல் பாலத்துக்குப் போனேன். 1961 படுகொலைக்காக 2001இல் பதித்த நினைவுப் பலகையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அமைதியான ஊர்வலத்தின் மீது நடந்த இரத்தம் தோய்ந்த அடக்குமுறையில் கொல்லப்பட்ட ‘பல’ அல்ஜீரியர்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. எத்தனை பேர் என்ற எண் அதில் இல்லை.