ஹாலோ பிளாக் மேல் மாருதி 800: வீட்டு வாசலில் கியர்பாக்ஸ் இறக்குவது பற்றி

கரிசல் பட்டறை:
நேற்று இங்கே ஒருவர், "மாருதி 800 கியர்பாக்ஸை இறக்க லிஃப்ட் வேண்டாம், குழி வேண்டாம், நாலு ஹாலோ பிளாக், ஒரு ஜாக், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்" என்று படத்தோடு போட்டிருந்தார். அதைப் பார்த்ததிலிருந்து மனசே ஆறவில்லை. கீழே பாராட்டு வேறு. லிஃப்ட் இல்லாமல் இறக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. பதினெட்டு வருஷமாக அப்படித்தான் இறக்குகிறேன். ஆனால் ஹாலோ பிளாக் மேல் வண்டியை ஏற்றிவிட்டு அதன் அடியில் போய்ப் படுக்காதீர்கள். படித்துவிட்டு யாராவது ஒரு பையன் செய்து பார்த்தால் யார் பதில் சொல்வது?

சைட் இன்ஜினியர்:
படம் போட்டவன் நான்தான். கணக்கு தெரிந்துதான் செய்தேன். 400க்கு 200 மில்லிமீட்டர் பிளாக். ஐ.எஸ். 2185 என்ற இந்தியத் தரவிதி சொல்லும் ஏ கிரேடில் குறைந்தபட்ச பலமே சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன். பெருக்கினால் 2,80,000 நியூட்டன், அதாவது 28 டன். மாருதி 800 மொத்தமே 650 கிலோ சொச்சம். அதிலும் நான் தூக்கியது முன்பக்கம் மட்டும். 28 டன் தாங்குகிற பிளாக் இதைத் தாங்காதா? பட்டறைக்காரர் பதில் சொல்லட்டும்.

கரிசல் பட்டறை:
சொல்கிறேன். அந்த 28 டன், டெஸ்ட் மிஷினில் மேலும் கீழும் மட்டமாக்கி, முழுப் பரப்பிலும் சீராக அழுத்தும்போது வரும் கணக்கு. வண்டியில் ஜாக் வைக்கும் இடம் எது? இரண்டு தகரம் சேர்ந்த விளிம்பு. கட்டைவிரல் நகத்தின் அகலம்கூட இருக்காது. பிளாக் மேல் அது கத்தி மாதிரி உட்காரும். அது போகட்டும். உங்கள் படத்தில் ஓட்டை பக்கவாட்டில் தெரிகிறது. பிளாக்கைப் படுக்கப் போட்டிருக்கிறீர்கள். ஓட்டை மேலே பார்த்து நிற்கும் பிளாக்குக்குச் சொன்ன பலத்தை, படுத்திருக்கும் பிளாக்குக்கு எப்படிச் சொல்கிறீர்கள்?

சைட் இன்ஜினியர்:
மேலே பலகை இருந்தது. படத்தில் தெரியவில்லை, அவ்வளவுதான். 28 டன் என்பது 28 டன்தான்.

அம்பாசிடர் மகன்:
எங்கள் அப்பா அம்பாசிடர் கியர்பாக்ஸையே செங்கல் அடுக்கி இறக்கினவர். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது உள்ளவர்களுக்கு எதற்கெடுத்தாலும் பயம்.

கரிசல் பட்டறை:
உங்கள் அப்பா மேல் மரியாதை உண்டு, தம்பி. ஆனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து செங்கல்லுக்குச் சான்றிதழ் கொடுக்காதீர்கள். எங்கள் மாமாவுக்கு நடந்ததைக் கேளுங்கள். 2006. அதே 800 வண்டி, அதே பிளாக், மேலே பலகையும் உண்டு. கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேரும் பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. ஸ்பேனர் பிடியில் பைப்பைச் செருகி, மல்லாந்து படுத்தபடி ஒரு இழு. போல்ட்டு இளகியது. பிளாக்கும் நொறுங்கியது. பட் என்று ஒரு சத்தம், சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூசி, வண்டி கீழே. ஓரத்தில் தள்ளி வைத்திருந்த ஸ்டெப்னி மேல் விழுந்ததால் அவர் தோளோடு தப்பினார். இடது கை இன்னும் தலைக்கு மேல் போகாது. சட்டை மாட்டும்போது அத்தைதான் பிடித்துவிட வேண்டும்.

இரும்பு பாரம் தாங்காவிட்டால் முதலில் வளையும். மரம் நெரிபடும்போது முனகும். கான்கிரீட் முன்கூட்டி எதுவும் காட்டாது. அதனால்தான் வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு வாங்கச் சொல்கிறேன், முடியாதவர்கள் கனமான மரக்கட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கச் சொல்கிறேன். போல்ட்டைப் பிடித்து இழுக்கும்போது வண்டி பக்கவாட்டில் ஆடுகிறது. அந்த ஆட்டம் உங்கள் கணக்கில் எங்கே இருக்கிறது? ஓட்டை எந்தப் பக்கம் பார்த்திருந்தது?

சைட் இன்ஜினியர்:
கதை கேட்டுக் கண் கலங்கிவிட்டது. உங்கள் மாமா வாங்கியது மட்டமான பிளாக்காக இருக்கும். நான் வாங்கியது டெஸ்ட் ரிப்போர்ட்டோடு வந்தது. வண்டியை முதல் கியரில் போட்டுத்தான் நிறுத்தியிருந்தேன், நகரவே வாய்ப்பில்லை.

கரிசல் பட்டறை:
முதல் கியரில் போட்டாரா! 800 முன்சக்கரம் இழுக்கிற வண்டி, சார். முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில். போதாததற்கு கியர்பாக்ஸ் இறக்க, அதிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் இரண்டு ஆக்ஸிலையும் உருவியாக வேண்டும். உருவிய பிறகு கியர் எதைப் பிடிக்கும்? பிடிப்பது பின்சக்கரத்து ஹேண்ட் பிரேக் மட்டும்தான். பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டீர்களா?

டவுன்பஸ் ரசிகன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கியர்பாக்ஸ் பெட்டியைத் திரும்ப மாட்டியதும் என்ன ஆயில் ஊற்றினீர்கள்? ஜி.எல்.5 ரக கியர் ஆயில் நல்லது என்று கடையில் சொல்கிறார்கள்.

அம்பாசிடர் மகன்:
ஜி.எல்.5 தான் உசத்தி. நம்பர் பெரிது.

கரிசல் பட்டறை:
நம்பர் பெரிதென்றால் உசத்தியா? ஜி.எல்.5 ஆயிலில் கந்தகம் சேர்ந்த மருந்து அதிகம். அது பின்சக்கர டிஃபரன்ஷியலுக்கு என்று வந்தது. 800 பெட்டிக்குள் கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன் செய்யும் சிங்க்ரோ வளையங்கள் பித்தளை. அதற்கு ஜி.எல்.4 தான் ஊற்ற வேண்டும். இதை நான் போன வருஷமே எழுதினேன். அன்றைக்கும் இதே அம்பாசிடர் மகன் வந்து "நம்பர் பெரிது" என்றார்.

அம்பாசிடர் மகன்:
அன்றைக்கு நீங்கள் என்னை "பெட்ரோல் பங்க் மெக்கானிக்" என்று சொன்னதை நான் மறக்கவில்லை. முதலில் அதற்கு வருத்தம் தெரிவியுங்கள். அப்புறம் ஆயில் பேசலாம்.

சொல்வளம்:
எல்லாரும் கியர்பாக்ஸ், பெல் ஹவுசிங் என்றே எழுதுகிறீர்கள். பற்சக்கரப் பெட்டி என்று எழுதினால் யாருக்குப் புரியாது?

கரிசல் பட்டறை:
எனக்குப் புரியும். ஸ்பேர் கடையில் கேட்டால் அவருக்குப் புரியாது, வெறுங்கையோடு திரும்பி வருவேன். ஆள் சாகிற விஷயம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரும் இதைத் தொடவில்லை. கடைசி போல்ட்டு கழன்றதும் பெட்டியை அப்படியே தொங்கவிடக் கூடாது. பெட்டியிலிருந்து நீளும் இன்புட் ஷாஃப்ட் இன்னும் கிளட்ச் பிளேட்டின் நடுப் பல்லுக்குள்தான் இருக்கும். எடை முழுக்க அதில் விழுந்தால் பிளேட் கோணிப்போகும், புதுப் பிளேட் போட்டாலும் கிளட்ச் உதறும். பெட்டிக்குக் கீழே ஜாக் கொடுத்து, எஞ்சினை விட்டு நேர்கோட்டில் பக்கவாட்டில் இழுத்து, ஷாஃப்ட் வெளியே வந்த பிறகுதான் இறக்க வேண்டும். எஞ்சினுக்கும் தாங்கல் வேண்டும். பெட்டி போய்விட்டால் அந்தப் பக்கம் எஞ்சினைப் பிடிக்க மவுண்ட் கிடையாது. நான் இரண்டு பக்க ஃபெண்டர் மேலும் சாக்கு மடித்துப் போட்டு, குறுக்கே ஒரு தடித்த சவுக்குக் கட்டை வைத்து, எஞ்சின் கொக்கியில் சங்கிலி போட்டுக் கட்டுவேன். அந்தக் கட்டையைத் தேர்ந்தெடுக்கவே அரை மணி நேரம் ஆகும். கணு இருந்தால் தொடமாட்டேன். கட்டைக்கே இவ்வளவு பார்க்கிறேன், இன்ஜினியர் பிளாக்கைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

சைட் இன்ஜினியர்:
இறக்கினேன், கிளட்ச் மாற்றினேன், ஏற்றினேன், வண்டி ஓடுகிறது. உயிரோடுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கூலி போய்விடும் என்ற கவலையில் பட்டறைக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். வீட்டிலேயே எல்லாரும் இறக்கக் கற்றுக்கொண்டால் யாருக்கு நஷ்டம்?

கரிசல் பட்டறை:
கூலியா? போன மாதம்கூட ஒரு கல்லூரிப் பையன் ஸ்டாண்டு கேட்டு வந்தான். நாலையும் சும்மாதான் கொடுத்தனுப்பினேன். உங்களுக்கும் தருகிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். என் பிழைப்பைப் பேசியதற்கு நான் கோபப்படவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. ஓட்டை எந்தப் பக்கம்?

சைட் இன்ஜினியர்:
எந்தப் பக்கமாக இருந்தாலும் 28 டன். வருகிற ஞாயிறு தம்பி வண்டிக்கும் இதே வேலைதான். படம் போடுகிறேன்.

கரிசல் பட்டறை:
படம் எடுப்பதற்கு முன் ஸ்டெப்னியைக் கழற்றி வண்டி அடியில் தள்ளுங்கள். தம்பியை அடியில் படுக்க வைக்காதீர்கள்.

டவுன்பஸ் ரசிகன்:
அப்போ ஜி.எல்.4 எத்தனை லிட்டர் வாங்கணும்?

அம்பாசிடர் மகன்:
அவர் முதலில் வருத்தம் தெரிவிக்கட்டும்.