செயலியில் எல்லாம் சரி, வாயால் கேட்டால் விழிக்கிறாள்: உதவி தேவை

கேள்வி:
மகளுக்கு எட்டு வயது. பெருக்கல் வாய்ப்பாடு பழகட்டும் என்று ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் ஒரு கணக்குச் செயலி போட்டுக் கொடுத்தேன். தினமும் நட்சத்திரங்களை அள்ளுகிறாள். நேற்று 7 × 8 எவ்வளவு என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. நான்கு விடைகளையும் வரிசையாகத் தொடுகிறாள். எது பச்சையாகிறதோ அதுதான் விடை. போதாக்குறைக்கு, நான் அந்தப் பக்கம் திரும்பினால் யூடியூபுக்குத் தாவிவிடுகிறாள். டேப்லெட்டை வாங்கி வைத்துவிடலாமா?

மறுமொழி 1:
தாவுவதைத் தடுக்கலாம். டேப்லெட் அமைப்புகளின் (Settings) தேடல் பெட்டியில் 'பின்' (pin) என்று தேடினால், செயலியைத் திரையிலேயே நிறுத்திவைக்கும் வசதி கிடைக்கும். வெளியேறும்போது பூட்டு எண் கேட்கும்படி வையுங்கள். அந்த எண்ணை மகள் எதிரில் அழுத்தாதீர்கள். விரல் போகும் திசையைப் பார்த்தே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மறுமொழி 2:
அக்கா, பூட்டு போட்டாலும் ஊகிப்பது நிற்காது. விடையைத் தட்டச்சு செய்யும் முறை அந்தச் செயலியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், விடையைத் தொடுவதற்கு முன் நோட்டில் எழுதியாக வேண்டும் என்று வையுங்கள். என் மகனும் இப்படித்தான் தொட்டுக்கொண்டிருந்தான். நோட்டைப் பார்த்தபோது 7 × 8-க்கு 54 என்று மூன்று நாளும் எழுதியிருந்தான். 6 × 9-இன் விடையை இதனோடு குழப்பிக்கொண்டிருக்கிறான்! செயலி வெறும் சிவப்பைத்தான் காட்டும். ஐந்து எட்டு 40, இரண்டு எட்டு 16, சேர்த்தால் 56 என்று பிரித்துக் காட்டிய பிறகு அந்தத் தவறு வரவில்லை. டேப்லெட்டை மட்டும் பிடுங்காதீர்கள். கணக்குத் தெரியாததற்குத் தண்டனை என்று குழந்தை நினைத்துக்கொள்வாள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. தட்டச்சு முறை பெற்றோர் பகுதிக்குள் ஒளிந்திருந்தது; மாற்றிவிட்டேன். நோட்டும் வைத்தேன். இன்று 7 × 6-க்கு 48 என்று எழுதினாள், கொஞ்சம் யோசித்தாள், அடித்துவிட்டு 42 என்று எழுதினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நட்சத்திரம் ஆறுதான் கிடைத்தது என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். மேலே ஓடும் கடிகாரம் அவளை விரட்டுகிறது.

மறுமொழி 2:
கடிகாரத்தை அதே பெற்றோர் பகுதியில் அணைக்க முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் திரையின் அந்த மூலையில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.