நீல ஆளி பூக்கிறது, காய் பிடிக்கவில்லை: ஏன்?

கேள்வி:
பல்லாண்டு நீல ஆளி (லைனம் பெரென்னே) ஒரே ஒரு செடி. தினமும் பூக்கிறது, மதியத்துக்குள் இதழ் கொட்டிவிடுகிறது, ஒரு காய்கூட இல்லை. பக்கத்துத் தொட்டியில் எண்ணெய் ஆளி காய்த்துத் தள்ளுகிறது. பிடுங்கி நட்ட செம்மலர் ஆளி நாற்றுகளும் வாடிவிட்டன. நோயா?

பதில் 1:
இதழ் கொட்டுவது நோயல்ல. ஆளிப் பூவுக்கு ஆயுளே ஒரு நாள்தான்.

காய் பிடிக்காததற்குக் காரணம் பூவின் அமைப்பு. பெரென்னேயில் இரண்டு வகைச் செடிகள் உண்டு: ஒன்றில் சூல்தண்டு (பூ நடுவிலுள்ள பெண் உறுப்பின் தண்டு) நீளம், மகரந்தத்தாள் (மகரந்தம் தரும் ஆண் உறுப்பு) குட்டை, மற்றதில் நேர்மாறு. ஒரு வகையின் மகரந்தம் மற்ற வகையின் சூல்முடியில் (சூல்தண்டின் நுனியில்) பட்டால்தான் ஒழுங்காக விதை பிடிக்கும். டார்வின் 1863-லேயே இதைச் சோதித்துக் காட்டிவிட்டார். செம்மலர் ஆளியிலும் இதே கதைதான், ஆனால் அங்கே மகரந்தத்தாள் உயரம் மாறாது, சூல்தண்டு மட்டும் மாறும். எண்ணெய் ஆளி தன் மகரந்தத்திலேயே காய்க்கும். அதைப் பார்த்து இதை எடைபோட வேண்டாம்.

விதையிலிருந்து 5 செடி வளருங்கள். ஐந்தும் ஒரே வகையாக அமைய 16-ல் 1 வாய்ப்புதான். இருக்கும் செடியிலிருந்து தண்டு வெட்டி நட்டால் பயனில்லை, அத்தனையும் அதே வகை.

பதில் 2:
நாற்று வாடியது ஆணிவேர் அறுந்ததால். ஆளியைப் பூக்க வேண்டிய இடத்திலேயே விதையுங்கள், 1 செ.மீ. ஆழத்துக்கு மேல் வேண்டாம். ஊறவைக்காதீர்கள், விதை வழவழத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நெருக்கமாக முளைத்தால் 10–15 செ.மீ. இடைவெளி விட்டு மீதியைக் கத்தரியால் நறுக்குங்கள். பிடுங்கினால் அடுத்த வேரும் அசையும். தழைச்சத்து கூடினால் தண்டு சாய்ந்துவிடும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

பதில் 3:
ஒற்றைச் செடிதான் வைக்க முடியும் என்றால் லைனம் லூயிசியை வையுங்கள். அதே நீலம், தானே காய்க்கும். மஞ்சள் வேண்டுமென்றால் லைனம் ஃபிளாவம், ஆனால் அதிலும் பெரென்னேபோல் இரண்டு வகைச் செடிகள் உண்டு. மஞ்சள் ஆளி என்று விற்கும் ரெய்ன்வார்டியா அதே குடும்பத்துப் புதர், லைனம் பேரினம் அல்ல. நியூசிலாந்து ஆளி பெயரில் மட்டும்தான் ஆளி.

கேட்டவர்:
லென்ஸில் பார்த்தேன்: சூல்தண்டு குட்டை. புது விதையில் நீளச் சூல்தண்டுச் செடி ஒன்று வந்தால் போதுமா?

பதில் 1:
போதும். தேனீ வராவிட்டால் காலையில், இதழ் உதிருமுன், மென்தூரிகையால் இரண்டுக்கும் மாற்றி மாற்றித் தடவுங்கள்.