விலைச் சீட்டு வராத காலை

மாமா, 4.40: மாப்பிள்ளை, இன்றும் விலைச் சீட்டு அச்சாகவில்லை. மல்லி, பிச்சி இரண்டுக்கும் சாக்குப் பிரித்தாகிவிட்டது, வியாபாரிகள் நிற்கிறார்கள். கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான்: மன்னியுங்கள் மாமா. சீட்டு அச்சிட நான் எழுதிய பைத்தான் நிரல், நேற்று மாட்டுத்தாவணிப் பூக்கடையில் என் கண் முன்னால் நான்கு முறை ஓடியது. மவுசால் சொடுக்கினால் சரியாக வருகிறது. நான்கு மணிக்குத் தானாக ஓடும்போதுதான் 'விலை.சிஎஸ்வி என்ற கோப்பு இல்லை' என்று நின்றுவிடுகிறது. கோப்போ நிரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது!

அக்கா: தம்பி, கோப்பின் வெறும் பெயரை மட்டும் கொடுத்துத் திறக்கிறாயா?

நான்: ஆமாம் அக்கா. ஒரே ஃபோல்டர்தானே என்று விட்டுவிட்டேன்.

அக்கா: கோளாறு அங்கேதான். வெறும் பெயர் கொடுத்தால், நிரல் குடியிருக்கும் ஃபோல்டரில் தேடாது. எந்த ஃபோல்டரில் நின்று ஓடுகிறதோ அங்கே தேடும். நீ சொடுக்கும்போது இரண்டும் ஒன்றாக அமைந்துவிடுகிறது. குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில், எந்த ஃபோல்டரில் நின்று ஓட வேண்டும் என்று சொல்லும் 'ஸ்டார்ட் இன்' கட்டத்தைக் காலியாக விட்டிருப்பாய். அப்போது விண்டோஸ் நிரலைத் தன் சொந்த சிஸ்டம்32 ஃபோல்டரில் நிறுத்தி ஓட்டும்.

மாமா: கடைப் பெஞ்சு மேல் நோட்டை வைத்துவிட்டு, வீட்டில் இருக்கிறவனிடம் 'பெஞ்சு மேல் பார்' என்றால் அவன் வீட்டுப் பெஞ்சைத்தானே பார்ப்பான் தாயி.

அக்கா: அதேதான் மாமா!

அண்ணன்: அந்தக் கட்டத்தில் கடை ஃபோல்டரை எழுதிவிட்டால் தீர்ந்ததே?

அக்கா: இன்றைக்குத் தீரும் அண்ணா. வேறு யாராவது வேறு இடத்தில் நின்று ஓட்டினால் மறுபடி இதே கதை. நிரலே தன் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தம்பி, பைத்தானில் __ஃபைல்__ என்று ஒன்று உண்டு, முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு; நிரல் கோப்பு இருக்கும் பாதையை அது சொல்லும். பைத்தானின் பாத்லிப் வழியாக அதை ரிசால்வ் செய்து முழுப் பாதையாக்கு, பேரன்ட் கேட்டு அது இருக்கும் ஃபோல்டரை எடு. அந்த ஃபோல்டரோடு கோப்பின் பெயரைச் சேர். கெட்சிடபிள்யூடி என்ற கட்டளை வேண்டாம்; நிரல் எங்கே நின்று ஓடுகிறதோ அந்த இடத்தைத்தான் அது சொல்லும்.

நான்: கடைக் கணினியில் விண்டோஸ் 7 அக்கா. பைத்தான் 3.8-க்கு மேல் ஏறாது.

அக்கா: அப்படியென்றால் ரிசால்வை விட்டுவிடாதே. ஓட்டும் நிரலுக்கு முழுப் பாதை தானாகக் கிடைப்பது 3.9 முதல்தான். நிரலின் முதல் வரிகளிலேயே பாதையைக் கேட்டு வைத்துக்கொள். நடுவில் ஃபோல்டர் மாறிய பிறகு கேட்டால் தவறான பாதை வரும்.

நான்: உசிலம்பட்டிச் சித்தப்பாவுக்கு, பைத்தான் நிறுவாமலே ஓடும்படி, பைஇன்ஸ்டாலர் என்ற கருவியில் ஒற்றை எக்ஸ்இ கோப்பாக ஆக்கிக் கொடுக்க நினைத்தேன்.

அக்கா: அங்கே இந்த வழி கைகொடுக்காது. ஒற்றைக் கோப்பாகக் கட்டினால், ஓடும்போது தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் தன்னை விரித்துக்கொள்ளும், முடிந்ததும் அதை அழித்துவிடும். __ஃபைல்__ அந்த ஃபோல்டரைத்தான் காட்டும். விலையை அங்கே எழுதினால் அதுவும் சேர்ந்து போய்விடும். எக்ஸ்இ ஆகக் கட்டப்பட்டதற்கு அடையாளமான சிஸ்.ஃப்ரோஸன் இருக்கிறதா என்று பார்; இருந்தால் சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் காட்டும் ஃபோல்டரை எடு. எக்ஸ்இ உண்மையில் இருக்கும் இடம் அதுதான்.

நான்: இப்போதே மாற்றுகிறேன். 'ஸ்டார்ட் இன்' கட்டத்தைக் காலியாகவே விட்டுச் சோதிக்கிறேன்.

மாமா, மறுநாள் 4.03: சீட்டு வந்துவிட்டது மாப்பிள்ளை. தாள் தீரப் போகிறது, வரும்போது ஒரு கட்டு வாங்கி வா.