ஆச்சி வீட்டுக் குழு: கவிதாவின் ஒட்டுமுடி

செவ்வாய், காலை 9:42

கவிதா: [புகைப்படம்]

கவிதா: நேற்று வந்த ஒட்டுமுடி. கிளிப் வைத்து மாட்டுவது, ஏழு துண்டு, 20 அங்குலம். ஒரு மணி நேரம் போராடி மாட்டியிருக்கிறேன். என் முடி தோளோடு நின்றுவிடுகிறது, அதற்குக் கீழே வேறு யாருடைய முடியோ தொங்குகிறது. யாரும் சிரிக்காமல் யோசனை சொல்லுங்கள். முகூர்த்தத்துக்கு எட்டு நாள்தான் இருக்கிறது.

முருகன் மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கவிதா: நீக்குவதற்குள் படித்துவிட்டேன் மாமா. வைக்கோல் படப்பா?

சாந்தி: அண்ணா, அவளே நொந்துபோயிருக்கிறாள். டெங்கு வந்து போன மூன்றாவது மாதம் சீப்பை வைத்தாலே கொத்துக் கொத்தாக வந்தது. பெரிய காய்ச்சலுக்குப் பிறகு இப்படிக் கொட்டுவது உண்டு, திரும்ப வளர்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிற முடிக்காக முகூர்த்தத்தைத் தள்ளிவைக்க முடியுமா?

முருகன் மாமா: மன்னித்துவிடு மருமகளே. உன் அத்தையைக் கூப்பிடுகிறேன். பதினான்கு வருடம் பார்லரில் மணப்பெண்களுக்குத் தலை பின்னியவள் வீட்டில் இருக்கும்போது நான் ஏன் வாயைத் திறந்தேன்?

காலை 10:15

செல்வி அத்தை: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கவிதா, முதலில் ஒரு காரியம் செய். அந்த முடியில் ஐந்தாறு இழை உருவி எடுத்து, அடுப்படியில் விளக்குத் தீயில் ஒவ்வொன்றாகக் காட்டு. இடுக்கியால் பிடித்துக்கொள். முடியாக இருந்தால் கருகிய வாடை வரும், தொட்டால் சாம்பலாக உதிரும். நைலானாக இருந்தால் உருகிச் சுருண்டு, நுனியில் கடுகு போலக் கெட்டியாக நிற்கும்.

கவிதா: பெட்டியில் நூறு சதவீதம் மனித முடி என்று போட்டிருக்கிறதே அத்தை.

செல்வி அத்தை: பெட்டி பேசும். தீ பொய் சொல்லாது. கொளுத்திப் பார்.

காலை 10:31

கவிதா: ஆறு இழையில் நான்கு சாம்பல். இரண்டு கடுகு!

செல்வி அத்தை: நினைத்தேன். கலப்படம். படத்தில் அந்தப் பளபளப்பைப் பார்த்ததுமே சந்தேகம் வந்தது. சரி, திருப்பி அனுப்பி வேறு வாங்க நாள் இல்லை. இதை வைத்தே சமாளிக்கலாம். ஒன்று மட்டும் நினைவில் வை, ஸ்ட்ரெய்ட்னரை அதன் பக்கமே கொண்டுபோகாதே.

பிரியா: இதற்கு நான் சாட்சி. கல்லூரி ஆண்டு விழாவுக்கு நைலான் முடியில் அயர்ன் வைத்தேன். பாதி முடி தகட்டிலேயே ஒட்டிக்கொண்டது. விடுதி அறையில் மூன்று நாள் பிளாஸ்டிக் வாடை.

கோமதி சித்தி: மருதாணி போட்டு நிறத்தை ஒன்றாக்கலாமே? என் சவுரிக்கு நான் அப்படித்தான் செய்வேன்.

செல்வி அத்தை: உங்களுடையது அசல் முடி, பிடிக்கும். நைலான் இழையில் மருதாணி ஏறாது. முடி செம்பாகும், நைலான் கறுப்பாகவே நிற்கும், புலிவரி விழுந்துவிடும்.

காலை 11:08

பிரியா: ஆச்சி குரல் பதிவு அனுப்பியிருக்கிறார்கள். காது கேட்காதவர்களுக்காகத் தட்டச்சு செய்கிறேன்.

பிரியா: "எதற்கு இதைக் காசு கொடுத்து வாங்கினாள்? நாங்கள் சீப்பில் வந்த முடியை ஒன்று விடாமல் சுருட்டி டப்பாவில் போட்டு வைப்போம். சவுரி கட்டுகிறவர் தெருவுக்கு வருவார். அதைச் சிக்கெடுத்து, கண்ணி வைத்து, மூன்று புரியாகக் கட்டித் தருவார். நம் முடியிலேயே செய்தது, அதனால் நிறம் மாறாது. என் சவுரி பரணில் தகர டப்பாவில் இருக்கிறது. முருகனை ஏறி எடுக்கச் சொல்."

முருகன் மாமா: அம்மா, அந்தப் பரணில் ஏறி இருபது வருடம் ஆகிறது. இப்போது ஏறினால் முகூர்த்தத்துக்கு நான் சக்கர நாற்காலியில்தான் வருவேன்.

முருகன் மாமா: ஆனால் சீப்பு முடியில் ஒரு கோளாறு உண்டு. அதில் வேரும் நுனியும் தாறுமாறாகக் கலந்திருக்கும். முடியின் மேல்தோலில் மீன் செதில் போல அடுக்கு இருக்கிறது, எல்லாம் நுனியைப் பார்த்துப் படிந்திருக்கும். எதிரெதிராக வைத்தால் ஒன்றை ஒன்று கவ்விச் சிக்கு விழும். திருமலையில் மொட்டை போடுகிற கல்யாணகட்டாவில் காணிக்கை கொடுக்கிற நீள முடிக்கு ஏலத்தில் அவ்வளவு கிராக்கி எதனால்? ஒரே கொத்தாக வருவதால் வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று கலையாமல் இருக்கும். ரெமி முடி என்று விற்பது இந்த மாதிரி திசை மாறாத முடியைத்தான்.

செல்வி அத்தை: பாடம் முடிந்ததா? இனி நான் சொல்கிறேன்.

காலை 11:40

செல்வி அத்தை: கவிதா, உன் தப்பு மூன்று. ஏழு துண்டையும் மாட்டியிருக்கிறாய். காதுக்கு மேலேயும் மாட்டியிருக்கிறாய். நுனியை வாங்கியபடியே விட்டிருக்கிறாய்.

செல்வி அத்தை: உனக்கு மூன்று துண்டு போதும். இப்போது உன் முடி மெலிந்திருக்கிறது, மூடுவதற்கு மேலே கனம் வேண்டாமா? பிடரியில் இரண்டு விரற்கடை முடியைக் கீழே விட்டுவிட்டு முதல் துண்டு. அடுத்தது அதற்கு மேலே இரண்டு விரற்கடை தள்ளி. கடைசியாகக் காதின் மேல்விளிம்பு மட்டத்தில் ஒன்று, அதைத் தாண்டாதே. ஓரத்தில் முடி தொடங்கும் இடத்துக்கு ஒரு விரல் உள்ளே தள்ளியே கிளிப் நிற்க வேண்டும், இல்லையென்றால் காற்று அடித்தால் தெரியும். நைலான் அதிகமாக இருக்கிற துண்டு எதுவோ அது அடியில் போகட்டும்.

கவிதா: கிளிப் வழுக்கிக்கொண்டே இருக்கிறது.

செல்வி அத்தை: கிளிப் போடுகிற இடத்தில் மட்டும், சீப்பை நுனியிலிருந்து வேரை நோக்கி இரண்டு மூன்று முறை இழுத்துவிடு. பார்லரில் பேக்கோம்பிங் என்போம். அந்தச் சிறு மெத்தையைக் கிளிப்பின் பல் கவ்விக்கொள்ளும்.

பிரியா: ஆச்சி மறுபடியும்: "எண்ணெய் வைக்காமல் பின்னினால் இரண்டு தலை மாதிரிதான் இருக்கும். தேங்காயெண்ணெய் தடவச் சொல்."

செல்வி அத்தை: அத்தை, எண்ணெய்த் தலையில் கிளிப் ஐந்து நிமிடம் நிற்காது.

பிரியா: ஆச்சி: "நான் வேரில் தடவச் சொன்னேனா? சேர்கிற இடத்தில் தடவச் சொன்னேன். மினுமினுப்பு ஒன்றாக இருந்தால் கண் ஏமாறும்."

செல்வி அத்தை: அது சரிதான் அத்தை. ஒப்புக்கொள்கிறேன். கவிதா, இரண்டு சொட்டு உள்ளங்கையில் தேய்த்து, தோளிலிருந்து கீழே உன் முடியையும் ஒட்டுமுடியையும் சேர்த்து வருடு. அதற்கு முன்னால் நைலான் பளபளப்பைக் குறைக்க வேண்டும். முகப்பவுடரை ஒரு சிட்டிகை தூவி, நன்றாகத் தட்டிச் சீவு. சாம்பல் பூத்தது போலத் தெரிந்தால் இன்னும் சீவவேண்டும் என்று அர்த்தம்.

சாந்தி: மதினி, நுனியை நான் வெட்டிவிடட்டுமா? நேராக வெட்ட வருமே எனக்கு.

செல்வி அத்தை: ஐயோ, நேராக வெட்டிவிடாதீர்கள்! நேராக இருப்பதால்தானே அது திரை மாதிரி தெரிகிறது. வளர்ந்த முடி நுனிக்குப் போகப் போக மெலியும். தலையில் மாட்டிய பிறகு, கத்தரியை முடி தொங்குகிற வாக்கிலேயே செங்குத்தாகப் பிடித்து, நுனியில் கொத்திக் கொத்தி எடுங்கள். 20 அங்குலம் 16 ஆகட்டும். கவிதாவின் முடி முடிகிற இடத்திலும் ஒட்டுமுடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில இழைகளைக் குட்டையாக்குங்கள், அந்தத் தோள் கோடு கரைந்துவிடும். ஒரே நாளில் வெட்டி முடிக்காதீர்கள். கொஞ்சம் வெட்டி, வெயிலில் நிறுத்திப் படம் எடுத்துப் பார்த்து, மறுநாள் மீதி.

புதன், மாலை 6:20

கவிதா: [புகைப்படம்]

கோமதி சித்தி: இது நேற்று பார்த்த தலையா!

முருகன் மாமா: மருமகளே, என் பழைய செய்தியை இன்னொரு முறை நீக்கிவிட்டேன்.

கவிதா: விரித்துப் போட்டால் நன்றாக இருக்கிறது. வரவேற்புக்கு இது போதும். ஆனால் காலையில் முகூர்த்தத்துக்குப் பின்னல் போட வேண்டுமே. பின்னிப் பார்த்தேன். தோள் அளவில் என் முடியின் நுனி எல்லாம் பின்னலை விட்டு முள் முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கிறது.

செல்வி அத்தை: பின்னலுக்குக் கிளிப் முடி வேண்டாம், சவுரிதான் சரி. உன் முடியைப் பிடரியில் தளர்வாகக் கட்டி, சவுரிக் கண்ணியை அங்கே மாட்டி, முதல் புரியிலிருந்தே சேர்த்துப் பின்ன வேண்டும். உன் முடி தீர்ந்த பிறகு சேர்த்தால் பாதியில் பருமன் மாறும். நீட்டுகிற நுனிகளை ஜெல் தொட்டு முறுக்கி, புரிக்கு உள்பக்கம் திருப்பிவிடலாம். அப்படியும் மிஞ்சுகிற இடத்தில் ஜடை பில்லை உட்காரும்.

சாந்தி: மதினி, தலை கனத்து இழுக்காதா? இருக்கிற முடியும் கையோடு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

செல்வி அத்தை: பயம் நியாயம்தான். வேரில் ஓயாமல் இழுத்தால் அந்த இடமே சொட்டையாகப் போகும், பார்லரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் தளர்வாகக் கட்டச் சொன்னேன். கல் வைத்த கனமான குஞ்சலம் வேண்டாம், பட்டு நூல் குஞ்சலம் போதும். தலை வலித்தால் வெட்கப்படாமல் சொல் கவிதா, மேடையிலேயே நான் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவேன். ஒட்டுமுடியோடு ஒரு ராத்திரி கூடப் படுக்காதே.

கவிதா: சரி அத்தை. மாப்பிள்ளை வீட்டில் கேட்டால்?

பிரியா: ஆச்சி சிரிக்கிறார்கள். "கேட்டால் சவுரி என்று சொல். அவன் அம்மா கல்யாணத்துக்கும் வைத்திருப்பாள், என் கல்யாணத்துக்கும் வைத்தார்கள். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஒட்டு தெரியக் கூடாது, அவ்வளவுதான்."

கவிதா: அப்படியென்றால் ஆச்சியின் சவுரியே எனக்கு வேண்டும்.

முருகன் மாமா: தெரியும், கடைசியில் பரணுக்குத்தான் வந்து நிற்பீர்கள் என்று.

புதன், இரவு 8:05

முருகன் மாமா: ஏறிவிட்டேன். பிரியா ஏணியைப் பிடித்துக்கொண்டு செல்பேசியில் படம் எடுக்கிறாள், ஏணியை ஒரு கையால்தான் பிடித்திருக்கிறாள் என்பதைக் குழுவில் பதிவு செய்கிறேன்.

முருகன் மாமா: தகர டப்பா கிடைத்தது. திறந்தால் முறுக்கு அச்சு.

பிரியா: ஆச்சி: "அதைத்தான் ஒரு வாரமாகத் தேடுகிறேன். சீர் முறுக்குக்கு வேண்டும், கீழே கொடு. சவுரி அதற்குப் பின்னால் இருக்கிற டப்பாவில்."

முருகன் மாமா: பின்னால் ஆறு டப்பா இருக்கிறது அம்மா.