கிட் அனெக்ஸ்: பெயர் வருது, பதிவு வரலை. ஏற்காடு லேப்டாப், சேலம் கம்ப்யூட்டர், நடுவுல ஒரு ஹார்டு டிஸ்க்

மலைக்காபி (ஞாயிறு, இரவு 9.40)

வணக்கங்க. ஏற்காட்டுல ஒரு காபித் தோட்டத்துல கணக்கு எழுதுறேன். அஞ்சு வருஷமா இங்க இருக்கிற மலையாளிப் பழங்குடிப் பெரியவங்க பாட்டையும் பேச்சையும் பதிவு பண்றேன். மே மாசச் சேர்வராயன் கோயில் திருவிழாப் பதிவும் இதுல இருக்கு. எல்லாம் வேவ் ஒலிக்கோப்பு, 340 சொச்சம். மேல நெட்டு விட்டு விட்டுத்தான் வரும், இவ்வளவையும் ஏத்த வழியில்லை. அதனால ஹார்டு டிஸ்க்கைப் பையில போட்டுக்கிட்டு 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸுல இறங்கி, அம்மாபேட்டையில அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர்ல சேர்ப்பேன். அக்காதான் இரைச்சலை நீக்கி, கேட்டு எழுதுறாங்க.

லேப்டாப், டிஸ்க், சேலம் மூணு இடத்துலயும் கிட் அனெக்ஸ் (எந்தக் கோப்பு எங்க இருக்குன்னு கணக்கு வச்சுக் காப்பி பண்ற மென்பொருள்). கம்ப்யூட்டர் ரெண்டும் லினக்ஸ், டிஸ்க் எக்ஸ்ட் 4 ஃபார்மேட். பழைய பதிவெல்லாம் மூணுலயும் ஒழுங்காப் பாடுது. நாலு மாசமாப் புதுசாச் சேர்த்த 41 பதிவும் சேலத்துல பெயரோட நிக்குது. தொட்டா 'லிங்க் உடைஞ்சிருக்கு'ன்னு வருது. அக்கா சேர்த்த 12 கோப்புக்கு லேப்டாப்புல இதே கதை. சிங்க் ஓடினா பிழை எதுவும் காட்டலை.

இதுல ஒரு பாட்டி பாடினது இருக்கு, போன மார்கழியில அவங்க தவறிட்டாங்க. திரும்பப் பதிவு பண்ண ஆள் இல்லை. உதவுங்க.

சூரமங்கலம் ஸ்டேஷன் (இரவு 10.05)

வெறும் சிங்க் பெயரையும் கணக்கையும் மட்டும்தான் கொண்டுபோகும், கோப்பைத் தொடாது. கிட் அனெக்ஸ் சிங்க் --கன்டென்ட் போடுங்க. இல்லைன்னா சேலத்துல கிட் அனெக்ஸ் கெட், அது கோப்பை இழுத்துக்கும். பாதிப் பேருக்கு இதுதான் பிரச்சனை.

மலைக்காபி (இரவு 10.50)

ரெண்டும் பார்த்தாச்சுங்க, அக்காவை போன்ல வச்சுக்கிட்டே. --கன்டென்ட் போட்டும் ஒண்ணும் வரலை. கெட் போட்டா, இந்தக் கோப்பு வேற எந்த ரெப்பாசிட்டரியிலும் (கோப்புக் கிடங்கு) இருக்கிறதாத் தெரியலைன்னு சொல்லுது. காப்பி எங்கெங்க இருக்குன்னு சொல்ற வேர்ஈஸ் கட்டளையைக் கேட்டா ஒரே ஒரு காப்பி, அதுவும் 'இங்கே'ன்னு காட்டுது. இங்கே எங்கங்க இருக்கு? திறக்கவே மாட்டேங்குதே.

அஸ்தம்பட்டி (திங்கள், காலை 6.15)

அந்த 'இங்கே'லதான் விஷயம் இருக்கு தம்பி. டிஸ்க்கையும் சேலத்தையும் முதல்ல எப்படி உண்டாக்கினீங்க? கிட் குளோனா, இல்லை ஃபோல்டரை அப்படியே காப்பி அடிச்சீங்களா? மூணு இடத்துலயும் கிட் கான்ஃபிக் அனெக்ஸ்.யுயுஐடி அடிச்சு, வர்ற அடையாள எண்ணைச் சொல்லுங்க. ஒவ்வொரு இடத்துக்கும் அது வேற வேறயா இருக்கணும். அதுவரைக்கும் காப்பியை நீக்குற டிராப், நகர்த்துற மூவ் ரெண்டையும் தொடாதீங்க. --ஃபோர்ஸ் நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க.

மலைக்காபி (காலை 8.30)

காப்பிதாங்கண்ணா. பெரிய ஃபோல்டர், குளோன் பண்ணிட்டு மறுபடி இழுக்கணுமேன்னு அப்படியே பேஸ்ட் பண்ணேன். மூணும் 4071-ல ஆரம்பிக்குது. எழுத்துக்கு எழுத்து ஒண்ணு.

அஸ்தம்பட்டி (காலை 9.20)

அதேதான். அலமாரியில கிடக்கிற டிஸ்க்குல எது இருக்குன்னு கணக்கு வைக்கிறதுதான் கிட் அனெக்ஸ் வேலையே. 'இந்தக் கோப்பு இந்த யுயுஐடிக்காரன்கிட்ட இருக்கு'ன்னு கிட்-அனெக்ஸ் கிளையில (கணக்குக்குன்னே இருக்கிற தனிப் பகுதி) எழுதி வைக்கும். ஒரே ரேஷன் கார்டை மூணு வீட்டுல வச்சிருக்கிற மாதிரி ஆயிடுச்சு உங்க நிலைமை. லேப்டாப்புல பதிவைச் சேர்த்தா, '4071-கிட்ட இருக்கு'ன்னு எழுதுது. அந்தக் கணக்கு சேலத்துக்கு வந்ததும் சேலம் பார்க்குது: 4071 நான்தானே, அப்ப என்கிட்டயே இருக்கு, வேற யார்கிட்ட கேட்கணும்? அதான் கேட்காமலே இருக்கு.

முதல்ல லேப்டாப்புல இருக்கிற வேவ் எல்லாத்தையும் சாதாரண ஃபோல்டரா ஒரு பென்டிரைவ்ல எடுத்து வைங்க. லிங்க்கைப் பின்தொடர்ந்து எடுக்கணும், இல்லைன்னா வெறும் லிங்க்தான் போகும்.

அப்புறம் டிஸ்க்குலயும் சேலத்துலயும் மட்டும் கிட் கான்ஃபிக் --அன்செட் அனெக்ஸ்.யுயுஐடி. உடனே கிட் அனெக்ஸ் இனிட், கூடவே ஒரு பேரு: 'டிஸ்க்', 'அம்மாபேட்டை'ன்னு. புது யுயுஐடி கிடைக்கும். லேப்டாப் பழைய எண்ணையே வச்சுக்கட்டும். அடுத்து அந்த ரெண்டுலயும் கிட் அனெக்ஸ் எஃப்எஸ்சிகே --ஃபாஸ்ட். கையில நிஜமா இருக்கிறது எதுன்னு பார்த்துப் புதுப் பேர்ல எழுதிக்கும். சேலத்துல டிஸ்க்கை மாட்டி சிங்க் --கன்டென்ட் ஓட்டுங்க. மேல போய் லேப்டாப்புலயும் சிங்க், கடைசியா அங்க எஃப்எஸ்சிகே.

ஒண்ணு மறந்துடாதீங்க, லேப்டாப்பும் சேலமும் நேர்ல சந்திக்கிறதே இல்லை. டிஸ்க்தான் தூது. லேப்டாப்புலயிருந்து தள்ளினது டிஸ்க்குல 'சிங்க்டு' கிளையில உட்காரும். டிஸ்க்கோட ஃபோல்டர்ல தெரியணும்னா, அதுக்குள்ள போய் ஒருதரம் சிங்க் போடணும்.

மலைக்காபி (செவ்வாய், இரவு 7.10)

அண்ணா, அவசரப்பட்டு லேப்டாப்புல முதல்ல எஃப்எஸ்சிகே ஓட்டிட்டேன். 12 கோப்புக்கு 'இருக்கணும், ஆனா உள்ளடக்கம் காணோம்', அடுத்த வரியில 'தெரிஞ்ச காப்பி எதுவும் இல்லை'ன்னு வருது. கை நடுங்குது.

அஸ்தம்பட்டி (இரவு 7.25)

அந்த 12-ம் அக்கா சேர்த்ததுதானே? லேப்டாப்புல அது என்னைக்குமே இருந்ததில்லை. பொய்க் கணக்கைத்தான் இப்ப அடிச்சுத் திருத்தியிருக்கு. சேலத்துக்குப் புதுப் பேர் இன்னும் வைக்கலை, அதனால காப்பி யார்கிட்ட இருக்குன்னு அதுக்குத் தெரியலை. எதுவும் அழியலை. சேலத்துல மீதியை முடிச்சுட்டு வாங்க.

மலைக்காபி (ஞாயிறு, மாலை 5.30)

முடிஞ்சுதுங்கண்ணா. புதன்கிழமை டிஸ்க்குல இனிட் போட்டு லேப்டாப்போட சிங்க் பண்ணேன், 41-ம் ஏறுச்சு. வியாழன் அம்மாபேட்டை. அங்க சிங்க் --கன்டென்ட் ஓடும்போது ஒவ்வொரு பதிவுக்கும் சதவீதம் ஏறுறதை அக்காவும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். அவங்களோட 12-ம் டிஸ்க் வழியா இன்னைக்கு லேப்டாப்புக்கு வந்துடுச்சு. பாட்டியோட பதிவுக்கு வேர்ஈஸ் போட்டேன்: மூணு காப்பி, மூணு பேரு. நாலு மாசமா அது லேப்டாப்புல மட்டும் இருந்திருக்கு. அதே லேப்டாப்பை மழையில பைக்குல எடுத்துக்கிட்டுச் சுத்தியிருக்கேன்.

நம்காப்பீஸ் 2-ன்னு வச்சுட்டேன், ரெண்டு காப்பி வேற இடத்துல உறுதியாகாம இனி டிராப் ஆகாது. சூரமங்கலத்துக்காரருக்கும் நன்றி. அக்கா நேத்து ராத்திரியே அந்தப் பாட்டை எழுத ஆரம்பிச்சுட்டாங்க, ரெண்டாவது அடியில ஒரு சொல் பிடிபடலை. அதைக் கேட்க நாளைக்கு அந்தப் பாட்டி ஊருக்குப் போறேன்.