ரூட் கெனால் செய்த கடவாய்ப் பல் உடைந்துவிட்டது, வலி இல்லை. கேப் போட்டே ஆகவேண்டுமா?

தையல்கடை திண்டுக்கல்:

எல்லோருக்கும் வணக்கம். வலப்பக்கம் கீழே, கடைசிக்கு முந்தின கடவாய்ப் பல். போன தை மாதம் ராத்திரி தூங்கவிடாமல் வலித்தது. மூன்று தடவை போய் ரூட் கெனால் செய்துகொண்டேன், வலி போயிற்று. "வெறும் அடைப்போடு விட்டுவிடாதீர்கள், ஒரு மாதத்துக்குள் கேப் போட்டுவிடுங்கள்" என்று டாக்டர் சொன்னார். பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுகிற சமயம். வலிதான் இல்லையே என்று அப்படியே விட்டேன்.

போன வாரம் வறுத்த வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். கடலையில் கல் என்று நினைத்துத் துப்பினால், உளுந்தம்பருப்பு அளவில் பல் சில்லு. வலி துளிகூட இல்லை. நாக்கு பட்டால் மட்டும் கத்தரிக்கோல் முனை மாதிரி குத்துகிறது.

திரும்பப் போனேன். வேருக்குள் போஸ்ட் என்கிற சின்னக் கம்பி ஒன்றை நட்டு, உடைந்த இடத்தைக் கட்டி எழுப்பி, அதன்மேல் கேப் போடவேண்டுமாம். மெட்டல் 2,500, செராமிக் 4,500, சிர்கோனியா 9,000 ரூபாய். போஸ்டுக்குத் தனியாக 2,000. அன்றைக்கே போட்டிருந்தால் இந்த 2,000 மிச்சம் என்று டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வலியே இல்லாத பல்லுக்குக் கேப் எதற்கு? பக்கத்துக் கடை அம்மா, "நல்ல பல்லையும் ராவி எடுத்துவிடுவார்கள், போகாதே" என்கிறார். விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? பேசாமல் பிடுங்கிவிட்டால் என்ன?

நாகர்கோவில் நண்பன்:

எனக்கு மேல்வரிசை முன்பல்லில் ரூட் கெனால் செய்து ஒன்பது வருடம் ஆகிறது. கேப் கிடையாது. ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் காசு பிடுங்குகிற வேலை.

கோவை பல் லேப்:

நான் டாக்டர் இல்லை, கோயம்புத்தூரில் பல் லேபில் 19 வருடமாக வேலை. வாயைப் பார்ப்பது டாக்டர். அந்த வாயின் அச்சுதான் என் மேசைக்கு வரும். அதில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் நாகர்கோவில் நண்பருக்கு. உங்கள் பல் நன்றாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை. முன்பல்லின் பின்பக்கம் சின்னத் துளை போட்டு வேலையை முடித்து, மீதிப் பல் முழுசாக இருந்தால், டாக்டர்களே அடைப்போடு விட்டுவிடுவது உண்டு. அக்காவுடையது கடவாய்ப் பல். முன்பல் வெட்டுகிறது, இது அரைக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

கடவாய்ப் பல்லின் மேலே நாலைந்து மேடுகள் இருக்கும். அவற்றைச் சேர்த்துக் கட்டி வைத்திருப்பது பக்கத்துப் பற்களைத் தொடுகிற இரண்டு ஓரச் சுவர்கள். சொத்தை அநேகமாக அந்த ஓரங்களைத்தான் தின்னும். ஓரம் போனபின் ஒவ்வொரு கடிக்கும் மேடுகள் துளித்துளியாக வெளியே விரியும். விரிந்து விரிந்து ஒருநாள் விண்டு போகும். ரூட் கெனாலுக்குப் போடுகிற துளை மட்டும் பல்லின் விறைப்பை 5 சதவீதம்தான் குறைக்கிறது, இரண்டு ஓரமும் போன அடைப்போ 63 சதவீதம் குறைக்கிறது என்று 1989-ல் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நரம்பை எடுத்ததும் பல் காய்ந்து மொறுமொறுத்துப் போகும் என்று ஊரில் சொல்வதெல்லாம் அப்புறம். நம்மை மாட்டிவிடுவது போன சுவர்தான். வலி இல்லாததற்குக் காரணம், வலி சொல்ல வேண்டிய நரம்பை எடுத்துவிட்டார்கள். இனி அந்தப் பல் உடைந்தாலும் உங்களிடம் முன்கூட்டிச் சொல்லாது.

கேப் என்றதும் தொப்பி என்று நினைக்கிறோம். உலக்கையின் அடியில் இரும்புப் பூண் போட்டிருப்பார்களே, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். கட்டை பிளக்காமல் சுற்றிப் பிடிப்பதுதான் அதன் வேலை. பூண் பிடிக்கக் கட்டை வேண்டும் இல்லையா? ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டராவது சொந்தப் பல் நிற்க வேண்டும். போஸ்ட் பல்லுக்குப் பலம் தராது, கட்டி எழுப்புகிற அடைப்பைப் பிடித்து நிறுத்துவதோடு சரி. சொந்தப் பல் இல்லாமல் போஸ்டை மட்டும் நம்பிப் போட்ட கேப், போஸ்டோடு சேர்ந்து கையில் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அச்சு வந்ததும் பல் முடிகிற கரையை, லென்ஸை மாட்டிக்கொண்டு சிவப்பு பென்சிலால் சுற்றி வரைவேன். சொன்ன காலத்தில் வந்த பல்லில் அந்தக் கோடு ஒரே வட்டமாக ஓடும். உடைந்தபின் மாதக்கணக்கில் விட்ட பல்லில் ஒரு பக்கம் திடீரென்று ஈறுக்குள் இறங்கிக் காணாமல் போகும். அங்கே நான் என்ன செய்தாலும் கேப் சரியாக உட்காராது. அதனால் அக்கா, தீபாவளி போகட்டும் என்று தள்ளாதீர்கள்.

ராவுவது பற்றி அந்த அம்மா சொன்னது பொய்யில்லை. முழு மெட்டலுக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கும், சிர்கோனியாவுக்கு ஒன்று முதல் ஒன்றரையும், மெட்டல் மேல் செராமிக் என்றால் இரண்டு வரையும் எடுப்பார்கள். எடுத்த எனாமல் திரும்ப முளைக்காது. சின்னச் சொத்தைக்கோ, வெறும் அழகுக்கோ நல்ல பல்லைக் கேப்புக்காக ராவச் சொன்னால் நானும் இன்னொரு டாக்டரைக் கேட்கத்தான் சொல்வேன். உங்கள் பல்லில் ராவுவதற்கு முன்பே பாதி போய்விட்டது.

விலைக்கு வருவோம். சிர்கோனியா என்பது பல் நிறத்தில் வருகிற, மிகக் கெட்டியான ஒரு வகைப் பீங்கான். அந்தக் கட்டி முதலில் சுண்ணாம்புக்கட்டி மாதிரி மெத்தென்று இருக்கும். கம்ப்யூட்டரில் வரைந்து, மெஷினில் கடையும்போது வேண்டிய அளவைவிட நான்கில் ஒரு பங்கு போலப் பெரிதாகக் கடைவோம். சுமார் 1,500 டிகிரி அடுப்பில் ராத்திரி வைத்தால் காலையில் சுருங்கிச் சரியான அளவுக்கு வந்திருக்கும். அதற்கப்புறம் வைரத்தூள் பூசிய பர் (சுழன்று ராவுகிற முனை) இல்லாமல் அதைத் தொட முடியாது. மெஷின், அடுப்பு, கட்டி எல்லாமே விலை. செராமிக் என்று உங்களிடம் சொன்னது அநேகமாக உள்ளே மெட்டல், மேலே பீங்கான் பூச்சு. பார்க்க அழகு, ஆனால் பூச்சு சில சமயம் சில்லுச் சில்லாகப் பெயரும். பிற்காலத்தில் ஈறு இறங்கினால் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியும். முழு மெட்டலில் ராவல் குறைவு, பெயர்வதற்கு ஒன்றுமில்லை, நிறம் மட்டும்தான் குறை. என் அம்மாவின் கடவாய்ப் பல்லுக்கு நானே வார்த்துக் கொடுத்தது மெட்டல்தான். ஒன்று கேட்க வேண்டும்: கவரிங் தோடு போட்டால் காது அரித்துப் புண்ணாகுமா? ஆகும் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். மலிவான மெட்டல் கேப்பில் நிக்கல் இருக்கும், அதே ஒவ்வாமை ஈறிலும் வரலாம்.

தையல்கடை திண்டுக்கல்:

ரொம்ப நன்றி தம்பி. காது அரிக்காது, இருபது வருடமாகக் கவரிங்தான். பிடுங்குவது பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

கோவை பல் லேப்:

மறந்துவிட்டேன். பிடுங்குவது மலிவு, பிறகு வருகிற செலவுதான் பெரிசு. இடம் காலியானால் பின்பல் முன்னால் சாயும், எதிரே உள்ள மேல்பல் இறங்கும். அந்த இடத்தை பிரிட்ஜ் போட்டு அடைக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கத்து நல்ல பற்களையும் ராவ வேண்டும். ஒரு கேப்புக்குப் பயந்து மூன்று கேப். தாடை எலும்பில் திருகு வைத்து அதன்மேல் பல் கட்டுகிற இம்ப்ளான்ட் அதைவிட விலை. வேர் நன்றாக இருந்து, பூண் பிடிக்கப் பல்லும் இருக்கிறது என்று டாக்டர் சொன்னால் காப்பாற்றிக்கொள்ளுங்கள். வேரே நீளவாக்கில் பிளந்திருந்தால் மட்டும் கேப்பில் காசு போடாதீர்கள், அது நிற்காது.

ஓசூர் அம்மா:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் பையனுக்கு ஆறு வயது. கடைசிப் பால்பல் சொத்தை, வெள்ளிக் கலரில் கேப் போடச் சொல்கிறார்கள். விழப்போகிற பல்லுக்கு எதற்கு?

கோவை பல் லேப்:

அந்தப் பல் விழப் பத்து, பன்னிரண்டு வயதாகும். இன்னும் நாலைந்து வருடம் அவன் அதில்தான் மெல்ல வேண்டும், நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் அதுதான். அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், எங்கள் லேபுக்கு வராது. பல அளவுகளில் ரெடிமேடாகவே கிடைக்கும். சொத்தை நரம்பைத் தொடாவிட்டால் ஊசியும் ராவலும் இல்லாமலே அப்படியே அழுத்தி ஒட்டுகிற முறை ஒன்று உண்டு, ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் டாக்டர் செய்து காட்டியது. உங்கள் பையனுக்கு அது சரிவருமா என்று கேட்டுப் பாருங்கள்.

தையல்கடை திண்டுக்கல்:

மூன்று வாரம் ஆயிற்று, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மெட்டல்தான் போட்டேன். பெரிதாகக் கொட்டாவி விட்டால் ஒழிய யாருக்கும் தெரியாது. பல்லை ராவி அச்சு எடுத்த அன்று ஒரு தற்காலிகக் கேப் ஒட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் கடலைமிட்டாயோடு அது கழன்று வந்துவிட்டது (என் தப்பு, வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்). எடுத்துக்கொண்டு போனேன், மறுபடி ஒட்டிக் கொடுத்தார்கள்.

சொந்தக் கேப் போட்ட அன்று வாயை மூடினால் அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தது. பழகிவிடும் என்று எழுந்திருக்கப் பார்த்தேன். டாக்டரே உட்காரச் சொல்லி, நீலக் காகிதத்தைக் கடிக்கவிட்டு, மை பட்ட புள்ளியை லேசாகத் தேய்த்தார். நாலு தடவை அப்படிச் செய்தபின் சரியாயிற்று. கேப்புக்குச் சொத்தை வராது, ஆனால் கேப்பும் ஈறும் சேர்கிற கரையில் உள்ள பல்லுக்கு வரும், தினமும் ராத்திரி ஃப்ளாஸ் நூல் விட்டு எடுக்க வேண்டும் என்றார். ஒரு சந்தேகம் தம்பி. மருந்துக்கடையில் அந்த நூலுக்கு 180 ரூபாய் கேட்கிறார்கள். என்னிடம் தையல் நூல் கண்டு கண்டாகக் கிடக்கிறது, அது ஆகாதா?

கோவை பல் லேப்:

வேண்டாம் அக்கா. முறுக்கு நூல் பிரிந்து ஒரு இழை கரையில் மாட்டிக்கொண்டால் அங்கேயே உட்கார்ந்து ஈறு வீங்கும். அந்தக் கண்டுகள் மெஷினிலேயே இருக்கட்டும். ஒன்று கேட்கிறேன், நூலை இன்னும் பல்லால்தான் அறுக்கிறீர்களா?

தையல்கடை திண்டுக்கல்:

முன்பல்லால்தான், அது சொந்தப் பல். சரி, சரி, கத்தரியைக் கயிறு கட்டி மெஷினில் தொங்கவிட்டிருக்கிறேன்.